நான்காம் பேனலில் வைத்த பொட்டு

செப்டம்பர் 21, 2006. முற்பகல் 11.52.

கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டியிருந்த சுபர்ணா கேபிள் தொழிற்சாலையில், மின்பெட்டிகள் இருந்த பேனல் அறையின் கதவை ஆறு பேர் சேர்ந்து இடித்துத் திறந்தார்கள். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே தலைமை எலெக்ட்ரீஷியன் சண்முகம் மல்லாந்து கிடந்தார். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். உயிர் போயிருந்தது.

நான்காம் எண் பேனலின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே செம்புப் பட்டைகள் இருந்த இடத்தில் கரிதான் மிச்சம். எதிர்ச்சுவர் முழுக்கக் கறுத்துப் போயிருக்க, நடுவில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. தலை, தோள், கொஞ்சம் தூக்கிய வலது கை. முதலில் நுழைந்தவன் அதைப் பார்த்துத்தான் அலறினான். கீழே கிடந்த உடலை அவன் அப்போது கவனிக்கவே இல்லை.

செப்டம்பர் 22. காலை 10.20.

மின் ஆய்வுத் துறையின் உதவி ஆய்வாளர் நாகலக்ஷ்மி அலிப்பூர் அலுவலகத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள். நாற்பத்தொரு வயது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு கிடர்பூரில் பிறந்தவள். மின்சாரத்தால் யார் செத்தாலும் ஏன் செத்தார் என்று எழுத வேண்டியது அவள் உத்தியோகம். பேய் பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள். அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமும் இல்லை.

தொழிற்சாலை முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. இருந்தும் அறைக்குள் ஏதோ ரீங்காரம் கேட்டது, யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதன் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு கூசியது. டார்ச் வெளிச்சத்தில் சுவரிலிருந்த வெள்ளை உருவத்தைப் பார்த்தாள். பேனலுக்குள் வெடித்த நெருப்பும் செம்புப் புகையும் அறையெங்கும் அடித்தபோது சண்முகத்தின் உடம்பு மறைத்த இடம் அது. சுவர் தப்பித்துக்கொண்டது, மனுஷன் தப்பவில்லை.

"இன்னொன்றைப் பாருங்கள் மேடம்," என்றார் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் தபன் கர். வாசலைத் தாண்டி அவரும் வரவில்லை. "கதவில் ரத்தம் கசிகிறது என்று ஆட்கள் உள்ளே வர மறுக்கிறார்கள்."

நான்காம் பேனல் கதவின் வெளிப்புறத்தில் சிவப்பாக ஒரு ஸ்வஸ்திகம். நம் ஆயுத பூஜை மாதிரி வங்காளிகளுக்குச் செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை; அன்று கல்கத்தாவில் சிந்தூரம் படாத இயந்திரம் ஏது? ஒன்பது பேனல்களுக்கும் ஒன்பது ஸ்வஸ்திகம் வைத்திருந்தார்கள். சிந்தூரத்தை எண்ணெயில் குழைத்து வைப்பது வழக்கம். வெடிப்பின் சூட்டில் எண்ணெய் இளகி, கதவில் நீள நீளமாக வழிந்திருந்தது. இருட்டில் பார்த்தால் ரத்தம்தான்.

ஸ்வஸ்திகத்தின் வலது கை, பக்கத்தில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிற லேபிளின் மேல் ஏறி முடிந்திருந்தது. அந்தப் பகுதி மட்டும் வழியவில்லை. நாகலக்ஷ்மி அதை விரலால் தொட்டாள். காய்ந்த பொடி ஒட்டிக்கொண்டது. கதவிலிருந்த சிவப்பைத் தொட்டாள். பிசுபிசுத்தது. இரண்டு விரலையும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

10.45.

அந்த லேபிள்தான் வழக்கே. மின்பெட்டிக்குள் மின்சாரம் தாவினால் கண் மூடித் திறப்பதற்குள் சூரியனைப் போன்ற நெருப்பு வெளியே அடிக்கும். ஆர்க் ஃப்ளாஷ் என்பார்கள். எந்தப் பெட்டியில் எவ்வளவு நெருப்பு, எத்தனை தூரத்தில் நிற்கலாம், என்ன உடுப்பு போட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கதவிலேயே ஒட்டுவது வெளிநாட்டில் பழக்கம். நம் சட்டம் அப்போது அதைக் கேட்கவில்லை. இந்தத் தொழிற்சாலையில் கேபிள் வாங்கும் அமெரிக்கக் கம்பெனி கேட்டது. அதனால் ஒட்டினார்கள்.

நான்காவதுதான் ஆலைக்கே மின்சாரம் பிரிக்கும் மெயின் பேனல். அதன் லேபிளில் நெருப்பின் அளவைச் சொல்லும் எண் 0.9. பருத்திச் சட்டையும் கண்ணாடியும் போதும், திறக்கலாம். கடைசியில் இருந்த ஏழாம் பேனல் கேன்டீன் விளக்குகளுக்கானது. அதன் லேபிளில் எண் 42. மெயினை அணைக்காமல் தொடவே கூடாது.

"இடம் மாற்றி ஒட்டிவிட்டான்," என்றார் தபன் கர். "ஒட்டியவன் மணிவேல், ஜூனியர் எலெக்ட்ரீஷியன். செத்தவரின் மைத்துனன். உங்கள் ரிப்போர்ட் கைக்கு வந்தால் சாயந்திரம் கைது. கவனக்குறைவால் மரணம்."

"லேபிளில் பேனல் நம்பரே அச்சடிக்கவில்லையே?"

"அதற்கென்ன?"

"நம்பர் இல்லாத லேபிளை எந்தக் கதவில் ஒட்டினாலும் பொருத்தமாகத்தான் தெரியும். சரி, மணிவேல் எப்போது ஒட்டினான்?"

"பதினான்காம் தேதி. பதினாறாம் தேதி மதியம் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்விட்டான், மனைவிக்கு வளைகாப்பு. நேற்று மதியம்தான் ஹௌராவில் இறங்கினான். இறங்கியதும் செய்தி. டிக்கெட்டை நானே பார்த்தேன். சாவதற்கு முன் சண்முகமே அவன் பெயரைச் சொன்னார் மேடம், அதற்குச் சாட்சி இருக்கிறது."

11.15.

சாட்சி நிமாய் மண்டல், ஃபிட்டர். அறைக்கு வெளியே காவல் நின்றவன். அவனிடம் நாகலக்ஷ்மி வங்காளியில் பேசினாள். அண்ணனுக்கு 'தா', அக்காவுக்கு 'திதி' என்பது அங்கே வழக்கம்.

"கதவை யார் தாழிட்டது?"

"ஷொண்முகம்தாதான், திதி. திறந்த பேனலில் வேலை செய்யும்போது யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று எப்போதும் தாழ் போடுவார்."

"உள்ளே வேறு யார் இருந்தார்கள்?"

நிமாய் அறை வாசலைப் பார்த்தான். "யாருமில்லை. ஆனால் அவர் யாரோடோ பேசினார். மரியாதையாக, சார் என்று. எழுபத்து நாலில் அதே அறையில் ஒரு என்ஜினியர் சாகேப் எரிந்து போனார். அவர் கூப்பிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்?"

"என்ன பேசினார்?"

"தமிழ். எனக்குப் புரியாது. மணி என்ற பேர் மட்டும் புரிந்தது."

"புரிய வேண்டாம். காதில் விழுந்ததை அப்படியே சொல்லு. பத்து வருஷம் அவரோடு வேலை பார்த்திருக்கிறாயே."

நிமாய் கண்ணை மூடினான். பிறகு, தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாத அந்த வாயிலிருந்து, அச்சு அசல் சேலத்துக்காரர் ஒருவரின் குரல் வந்தது.

"சரிங்க சார்... மணி ஒட்டுனதுங்க... தப்பா இருக்காது."

பட்டப்பகலில் நாகலக்ஷ்மிக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்தவர் வந்து அவளுக்காகவே சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. தபன் கர் ஆவலாகக் கேட்டார்: "மணியைத்தானே குற்றம் சொன்னார்?"

"இல்லை. மணி ஒட்டியது தப்பாக இருக்காது என்று சொல்லியிருக்கிறார்."

அவள் திரும்பவும் அறைக்குள் போனாள். நான்காம் பேனலின் அடியில் டார்ச் அடித்து, ஒரு குச்சியால் எதையோ இழுத்தாள். உருகிய கறுப்பு பிளாஸ்டிக் கட்டி. போலீஸ்காரர்கள் ஏதோ மீட்டர் துண்டு என்று விட்டிருந்தார்கள். ஒரு மூலையில் 7, 8, 9 என்று மூன்று பட்டன்கள் பிழைத்திருந்தன.

"உங்கள் பேயிடம் மொபைல் போன் இருந்திருக்கிறது," என்றாள். "நேற்று பதினொன்றரைக்கு மேல் சண்முகத்தின் நம்பரிலிருந்து யாருக்குப் போன் போனது என்று கேட்டுச் சொல்லுங்கள். உடனே வேண்டும்."

12.05.

எலெக்ட்ரிகல் மேனேஜர் விஸ்வநாதனின் அறை சுத்தமாக இருந்தது. முருகன் படம், அதன் கீழே ஓர் எவர்சில்வர் சம்புடம். தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. சம்புடத்தைத் திறந்து நீட்டினார்.

"எடுத்துக்கோங்கோ. ஆத்துக் குங்குமம். கடையில விக்கறதெல்லாம் கெமிக்கல். பட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு என் ஆத்துக்காரியே பண்ணுவா. இதை வெச்சுக்காம நான் ஆபீஸுக்கு வந்ததே கிடையாது."

நாகலக்ஷ்மி ஒரு சிட்டிகை எடுத்து இட்டுக்கொண்டாள்.

"சண்முகத்தை நான்காம் பேனலைத் திறக்கச் சொன்னது யார் சார்?"

"யாரும் சொல்லலை. அவனாத் திறந்துட்டான், பாவம்."

"பதினெட்டாம் தேதி ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறாரே, நான்காம் பேனலில் போல்ட் சூடாகிறது, மெயினை அணைத்துத் தர வேண்டும் என்று?"

"எழுதினான். நாலு மணி நேரம் ஆலை நிக்கணும். துர்கா பூஜைக்கு முன்னாடி கப்பல் ஏத்தணும். பூஜை முடிஞ்சு பாத்துக்கலாம்னேன்."

"நேற்று காலை நீங்கள் எங்கே?"

"கிடர்பூர்ல, கஸ்டம்ஸ் ஆபீஸ். ஒரு மணிக்குத்தான் சேதியே தெரியும். அதுவரைக்கும் ஒரு போன் கிடையாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மணிவேல் சின்னப் பையன். நாலையும் ஏழையும் மாத்தி ஒட்டிட்டான். அவனைக் கொஞ்சம் பாத்து எழுதுங்கோ."

அந்தப் பரிவு உண்மையானதாகத்தான் இருந்தது. அதுதான் நாகலக்ஷ்மியை உறுத்தியது.

12.40.

கேன்டீன்காரர் லெபு சா போட எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மி தேநீரை வேண்டாமென்று சொல்லிவிட்டு அரை மூடியை மட்டும் வாங்கிக்கொண்டாள். தபன் கருக்கும் நிமாய்க்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ஏழாம் பேனலுக்கு நெருப்பு எட்டவில்லை. ஸ்வஸ்திகம் முழுசாக இருந்தது. கதவிலிருந்து லேபிளுக்கு ஏறிய அதன் கையில் ஒரு முறிவும் தெரியவில்லை. பார்வைக்கு ஒரே சிவப்பு.

"இதை யார் வரைந்தது, நிமாய்?"

"நான்தான் திதி. ஒன்பதையும், பதினேழாம் தேதி."

"லேபிளின் மேலும் நீதானா?"

"ஆமாம். கை நீளமாகப் போய்விட்டது."

அவள் முதலில் கதவின் மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள். சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு லேபிளின் மேல் பிழிந்தாள். சாறு பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே மஞ்சளாகியது.

நிமாய் இரண்டடி பின்னால் போய், "மா கோ!" என்றான். இந்தத் தடவை தபன் கரும் வாசல் பக்கம் பார்த்தார்.

"பயப்படாதீர்கள். பக்கத்து ஆறாம் பேனலில் பார்ப்போம்." அங்கே லேபிளிலும் சிவப்பு மாறவில்லை. ஒன்பது பேனல்களில் நான்கிலும் ஏழிலும் மட்டும் லேபிள் மேலிருந்த சிவப்பு மஞ்சளானது.

நாகலக்ஷ்மி சாறு பட்ட கையை உதறினாள். நெஞ்சுக்குள் கோபம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மனிதனைப் பொறியில் மாட்டுவதற்கு இவ்வளவு பயபக்தியா?

மாலை 3.40.

விஸ்வநாதனின் அறை. தபன் கர் கதவருகே நின்றார். நாகலக்ஷ்மி மேஜை மேலிருந்த சம்புடத்திலிருந்து ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தேநீர்த் தட்டில் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்தாள். அது மஞ்சளாகியது.

"மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சள். வங்காளிச் சிந்தூரம் இப்படி மாறாது. நாலாம் பேனல் கதவில் எண்ணெய்ச் சிந்தூரம் சூட்டில் வழிந்திருக்கு, லேபிள் மேல இருந்தது வழியலை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பூஜையன்னைக்கு நிமாய் ஒரே கையால கதவிலும் லேபிளிலும் சேர்த்து வரைஞ்சிருக்கான். அதுக்கப்புறம் யாரோ ரெண்டு லேபிளையும் உரிச்சு, இடம் மாத்தி ஒட்டியிருக்காங்க. மாத்தினதும் கோலம் பொருந்தலை. லேபிள் மேல இருந்ததைத் துடைச்சுட்டு, தன் கையில இருந்த குங்குமத்தால முடிச்சு வெச்சிருக்காங்க."

"சண்முகமும் தமிழன்தான்," என்றார் விஸ்வநாதன். "மணிவேலும்தான்."

"மணிவேல் பதினாறாம் தேதியே ரயிலேறியாச்சு. சிந்தூரம் வெச்சது பதினேழு. தானே மாத்தின லேபிளைப் பத்திச் சண்முகம் ஏன் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்கணும்?"

தபன் கர் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். சண்முகத்தின் நம்பரிலிருந்து விஸ்வநாதனின் நம்பருக்கு. 11.38. இரண்டு நிமிடம். வெடித்தது 11.41.

"ஒரு போன்கூட வரலைன்னீங்களே சார்."

விஸ்வநாதன் மஞ்சளாகிப்போன தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷ வேலை," என்றார் கடைசியில். "ஒரு போல்ட்டை முடுக்கணும், அவ்வளவுதான். அந்தக் காலத்துல லேபிளா இருந்தது? எத்தனை தடவை அணைக்காமலே பண்ணியிருக்கோம். பதினெட்டாம் தேதி கேட்டேன், மெயின் பேனல், மாட்டேன்னான். நாப்பத்திரண்டுன்னு போட்டிருந்தா ஒரு பயலும் தொட மாட்டான். மறுநாள் சாப்பாட்டு நேரத்துல மாத்தினேன். வேலை முடிஞ்சதும் திருப்பி ஒட்டிடலாம்னு... நேத்திக்கு கஸ்டம்ஸ்லேர்ந்து போன் பண்ணி, லேபிளைப் பாத்துட்டுச் செய்யுடான்னேன். அவன் திரும்பக் கூப்பிட்டான். மெயின் பேனலுக்கு இவ்வளவு கம்மியா இருக்குமா சார்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் மச்சினன் ஒட்டினதுதானே, அவன் மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன்."

அறையில் மின்விசிறி ஓடவில்லை. வெளியே துர்கா பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மிக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை.

"குங்குமத்தை எதுக்கு சார் திரும்ப வெச்சீங்க? விட்டிருந்தா, சிந்தூரம் உதிர்ந்துபோச்சுன்னு நானே நினைச்சிருப்பேன். நீங்க தப்பிச்சிருப்பீங்க."

"பூஜை பண்ணின பொட்டு. அதைப் பாதியா விட மனசு வரலை," என்றார் விஸ்வநாதன். சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

5.30.

தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாம் மாடி. படிக்கட்டில் மணிவேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. நேற்று மாலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறான், அக்கா கதவைத் திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள். உடலைத் தூக்கிப்போனபோதுகூட அவனைக் கிட்டே வர விடவில்லையாம்.

சண்முகத்தின் மனைவி மகேஸ்வரி நாகலக்ஷ்மியை மட்டும் உள்ளே விட்டாள். அவளுடைய பதினான்கு வயது மகள் பிரியங்கா சுவரோரம் நின்றாள்.

"அவன் பேரை மட்டும் இங்க எடுக்காதீங்க," என்றாள் மகேஸ்வரி. "நான் வளர்த்த பையன். அவருகிட்டச் சொல்லி நானேதான் வேலையும் வாங்கிக் குடுத்தேன். என் தாலிய என் தம்பியே அறுத்துட்டான்."

நாகலக்ஷ்மி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மணிவேல் எல்லா லேபிளையும் சரியாகத்தான் ஒட்டினான் என்றாள். மாற்றியவரைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். மகேஸ்வரி விடவில்லை.

"கடைசியா மணி பேரச் சொன்னாராமே. என்ன சொன்னாருங்க?"

பொய் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. நாகலக்ஷ்மிக்கு வேலையில் அந்தப் பழக்கம் இல்லை. சண்முகம் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னாள்.

"அப்ப அவருக்குச் சந்தேகம் வந்திருக்கு."

"வந்திருக்கு."

"தம்பி ஒட்டுனதுன்னுதான் கை வெச்சிருக்காரு."

"ஆமாம்மா."

மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "போடி. மாமாவக் கூட்டிட்டு வா."

பிரியங்கா கதவைத் திறந்தாள். "மாமா, எஷோ," என்றாள் வங்காளியில். "மா டாக்ச்சே." வாங்க, அம்மா கூப்பிடுகிறாள் என்று அர்த்தம்.

மணிவேல் எழுந்து வாசல்வரை வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பேசியது முழுவதும் அவன் காதில் விழுந்திருந்தது.

"நான் ஒட்டலைன்னா மச்சான் அதத் தொட்டிருக்கவே மாட்டாருக்கா," என்றான்.

"தெரியும்டா," என்றாள் மகேஸ்வரி. "எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. உள்ள வந்து சாப்பிடு."

அவன் உள்ளே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அக்கா சோறு போட்டாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.